எழுபது மில்லி ராடு இரண்டு

இரண்டு ராடுகளின் முனைகளிலும் கை கிரைண்டரை ஓட்டி, தின்னர் தொட்ட துணியால் துடைத்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பளபளக்க வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தபோதுதான் பொறுப்புக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்த முனையில் இருந்த சாயம் அழகுக்காகப் பூசியது இல்லை.

பொறுப்பு என்பது அவர் பெயர் அல்ல. மூன்று மாதத்துக்கு முன்பு அந்த உருக்குக் கிடங்கின் ஸ்டோர் அறைக் கதவில் 'ஸ்டோர் தலைவர் (பொறுப்பு)' என்று ஒரு பலகை மாட்டினார்கள். அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மொத்தக் கிடங்கும் அவரை அப்படியே கூப்பிட ஆரம்பித்தது. வாட்ச்மேன் "பொறுப்பு வந்துட்டாரு" என்பார். கிரேன் ஓட்டுபவர் "பொறுப்பு இல்லாம நான் கிரேனைத் தொட மாட்டேன்" என்பார். இருபத்திரண்டு வருஷம் அங்கே இரும்போடு மாரடித்த மனிதர், மூன்று மாதமாக ஒரு அடைப்புக்குறிக்குள் மூச்சு முட்டிக் கிடந்தார்.

அந்த அடைப்புக்குறி இன்றைக்குப் போவதாக இருந்தது. காலையில் மேனேஜரே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நாலு மணிக்குக் கிரஷர்காரர் வருகிறார். கல் உடைக்கும் ஆலைக்கு ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, கடைய அவருக்கு எழுபது மில்லிமீட்டர் கனத்தில் பதம் போட்ட ராடு வேண்டும். அது ஒரு குறையும் இல்லாமல் வண்டி ஏறினால், உடனே உத்தரவில் கையெழுத்து.

குறை என்ற சொல்லுக்கு அங்கே ஒரு வரலாறு இருந்தது. பழைய ஸ்டோர் தலைவர் இதே கிரஷர்காரருக்குப் பதம் போட்ட ராடு என்று சத்தியம் பண்ணி, பதம் போடாததை அனுப்பிவிட்டார். ஷாஃப்ட் மூன்றாம் நாள் வளைந்து போயிற்று. கிரஷர்காரர் அதை வண்டியில் கொண்டுவந்து மேனேஜர் மேஜைமேல் கிடத்தினார். மேஜைக் கண்ணாடியும் போயிற்று, தலைவரும் போனார்.

"வர்றவர் கண்ணுக்குக் கொஞ்சம் சுத்தமா இருக்கட்டும்" என்று மேனேஜர் சொன்னது தரையைப் பெருக்கச் சொல்லித்தான். ஆனால் அடைப்புக்குறியிலிருந்து விடுதலை ஆகப்போகிற மனிதருக்குத் தரையோடு நிற்க மனம் வருமா? பெருக்கச் சொன்னால் கூரையையும் சேர்த்துப் பெருக்குகிற ஆள் அவர். சனிக்கிழமை பல் பிடுங்க லீவு போட்டிருந்தார். வீங்கிய கன்னத்தோடு திங்கட்கிழமை வந்து, புதுப் பலகையில் தன் பெயர் எப்படி இருக்கும், எழுத்து கறுப்பா சிவப்பா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே துடைத்ததில், துடைத்த சாயம் எந்த ராடில் என்ன நிறம், ராடு என்ன நீளம் என்று எதையும் பார்க்கவில்லை. முனையில் குத்தியிருந்த எண்ணும் கிரைண்டரோடு போய்விட்டது.

அந்தக் கிடங்கில் பதம் போட்ட ராடுக்கு மஞ்சள், போடாததற்கு நீலம். இரண்டும் ஒரே கலவைதான். குரோமியமும் மாலிப்டினமும் அளவாகச் சேர்த்து உருட்டிய உருக்கு. அதை உலையில் செக்கச்செவேலென்று காய்ச்சி எண்ணெயில் அமுக்கினால் விறைத்துக்கொள்ளும். விறைத்தது விறைத்தபடியே விட்டால் ஒரு அடிக்கு விரிசல் விடும். அதனால் மறுபடி குறைந்த சூட்டில் நிதானமாகக் காய வைத்து அதன் கோபத்தைத் தணிப்பார்கள். அப்புறம் அது வளையாது, உடையவும் உடையாது. லாரி அச்சு, பெரிய கியர், கிரஷர் ஷாஃப்ட் எல்லாம் இதில்தான் கடைவார்கள். இந்தச் சூடு படாத ராடும் பார்வைக்கு அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். சுமை ஏறினால்தான் குணம் தெரியும்.

பொறுப்பு ஓடிப்போய் ரெஜிஸ்டரைத் திறந்தார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: எழுபது மில்லி, பதம் போட்டது ஒன்று, போடாதது ஒன்று. ஸ்டாண்டின் மேல் கிடப்பவையும் இரண்டு. எண்ணிக்கை சரியாக இருந்தது. எது எது என்பது மட்டும் தெரியவில்லை.

துடைத்த துணியை எடுத்து விரித்துப் பார்த்தார். மஞ்சள் இருந்தது, துரு இருந்தது. நீலத்தைக் காணோம். பழைய தலைவர் மட்டமான சாயம் வாங்கிய லட்சணம், நீலம் தானாகவே உதிர்ந்திருக்கும் என்று முடிவுகட்டி, துணியைக் குப்பையில் போட்டார். மணி பதினொன்றரை.

யாரிடமாவது கேட்கலாம்தான். பக்கத்திலேயே ரம்ப மெஷினில் ராடு அறுத்துக்கொண்டு ஒருவர் இருந்தார். ஆனால் அவருக்குக் கிடங்கில் அறுவை என்று பெயர். தொழிலுக்காக மட்டும் வைத்த பெயர் இல்லை அது. பத்து மணிக்கு அவர் காதில் விழுந்தது பத்தேகாலுக்கு வாசல் தாண்டிவிடும். பொறுப்பு ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து அவரே காது மூடியைக் கழற்றிக்கொண்டு கிட்டே வந்தார்.

"என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா? சொன்னா நானும் தேடுவேன்ல."

"ஒண்ணும் தொலையல. உன் வேலையைப் பாரு."

அறுவை தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் போனார். ரம்பம் மறுபடி கத்த ஆரம்பித்தது.

பொறுப்பு ஃபிட்டரின் பெட்டியிலிருந்து ஒரு அரத்தை உருவினார். பதம் போட்டதில் அரம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், போடாததில் வழுக்கிக்கொண்டு இறங்கும். இருபத்திரண்டு வருஷ அனுபவம் சொன்ன பாடம் அது. முதல் ராடில் பத்து இழுப்பு இழுத்தார். முரண்டு பிடித்தது. ஆஹா, இதுதான் என்று நெஞ்சு குளிர்ந்து இரண்டாவதில் இழுத்தார். அதுவும் அதே முரண்டைப் பிடித்தது. அரம் மழுங்கிவிட்டது போலிருக்கிறது என்று, உறை பிரிக்காத புது அரம் ஒன்றை எடுத்து வந்து மறுபடி இழுத்தார். புது அரமும் இரண்டையும் ஒரே மாதிரிதான் கடித்தது. கடைசியில் கை கடுத்ததுதான் மிச்சம். இரண்டு ராடின் உடம்பிலும் வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழுந்திருந்தது.

அடுத்து அவருக்குச் சத்தம் ஞாபகம் வந்தது. தட்டினால் பதம் போட்டது கணீரென்று பேசும் என்று எப்போதோ யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்ததில் அவருக்கே காது சரியாகக் கேட்கவில்லை. அதனால் ஆபீஸிலிருந்து டைப்பிஸ்ட் அம்மாவைக் கூட்டி வந்தார். பாட்டு கற்றவர். தரச் சான்றிதழை டைப் அடிக்கும்போதுகூட எதையாவது முணுமுணுத்துக்கொண்டே அடிப்பார்.

"அம்மா, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. இது ஒண்ணு." சுத்தியலால் தட்டினார். "இது ஒண்ணு." மறுபடி தட்டினார்.

"ரெண்டும் ஒரே சுருதி சார்."

"நல்லாக் கேளுங்கம்மா. ஏதாவது வித்தியாசம் இருக்கும்."

"பன்னெண்டு வருஷம் பாட்டு கத்துக்கிட்டவ நான். இம்மி பிசகாம ஒரே சுருதி."

பொறுப்பு அத்தோடு நன்றி சொல்லி அனுப்பியிருக்கலாம். விதி விடவில்லை. பன்னிரண்டு வருஷம் கற்றும் இவ்வளவுதானா என்று வாய்க்குள் சொல்ல வேண்டியதைப் பல் பிடுங்கிய வாய் வெளியே விட்டுவிட்டது. டைப்பிஸ்ட் அம்மா விறுவிறுவென்று திரும்பினார். நேரே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஸ்டோரிலிருந்து வரும் எந்தக் காகிதமும் ஆறு மணிக்கு முன்பு டைப் ஆகாது என்று பியூனிடம் சொல்லி அனுப்பினார். கிரஷர்காரரின் சான்றிதழும் அதில் அடக்கம்.

மணி ஒன்றரை. பொறுப்புக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கிரைண்டரை மறுபடி எடுத்தார். தீப்பொறியைப் பார்த்து இரும்பின் ஜாதகத்தையே சொல்கிறவர்கள் உண்டு. முதல் ராடின் இடுப்பில் ஒரு பிடி பிடித்தார். பொறி பூவாகச் சிதறியது. இரண்டாவதிலும் அதே பூ, அதே நீளம், அதே நிறம். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தெரியுமோ என்று அழுத்தினார். இரண்டு ராடிலும் கட்டைவிரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் விழுந்தது.

சத்தம் கேட்டு ஃபிட்டர் எட்டிப் பார்த்தார். என்ன சார் இது கூத்து என்று கேட்டவரிடம், ஒரு ஆராய்ச்சி என்று மட்டும் சொன்னார் பொறுப்பு. பதம் கண்டுபிடிக்கவா என்று ஃபிட்டர் கேட்டதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சும்மா ஒரு பேச்சுக்கு, அப்படி வைத்துக்கொள்ளேன் என்று சமாளித்தார்.

"பொறிய வச்சு என்ன கலவைனு சொல்லலாம் சார். பதம் போட்டதான்னு சொல்ல முடியாது. பொறந்த வீட்டைச் சொல்லுமே தவிர, வளர்ந்த வளர்ப்பைச் சொல்லாது."

இதைப் பள்ளம் விழுவதற்கு முன்னால் வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று பொறுப்பு மனசுக்குள் கடுகடுத்தார். அப்புறம் ஒரு நீலக் கோணியை எடுத்து இரண்டு பள்ளத்தையும் மூடினார்.

இனி ஒரே ஒரு வழிதான் பாக்கி. அந்த வழியைத்தான் காலையிலிருந்து அவர் தவிர்த்துக்கொண்டிருந்தார். கடினம் அளக்கும் கருவி கிடங்கில் ஒன்றே ஒன்று. அது இருந்தது தரப் பரிசோதகரிடம். தரப் பரிசோதகர் அவருடைய மச்சினி. வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். கொடுத்த நாளிலிருந்து வருந்திக்கொண்டும் இருந்தார். வேலை நேரத்தில் அவள் அவரை சார் என்பாள், ஒரு தப்பு கண்டுபிடித்தால் சாயங்காலத்துக்குள் அக்காவுக்குத் தெரிந்துவிடும். அக்காவுக்குத் தெரிந்தால் அதற்கப்புறம் வீட்டில் ரசம் புளித்தால்கூட அந்த ராடுதான் பேச்சாக இருக்கும்.

மணி மூன்று ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் போய் நின்றார். உண்மையைச் சொல்லாமல் சுற்றி வளைத்து, ஸ்டாண்டில் இரண்டு ராடு இருக்கிறது, கருவியைக் கொண்டுவந்து ஒரு தரம் வைத்துப் பார்க்க முடியுமா, சும்மாதான் என்றார். அவள் வந்தாள். கையடக்கக் கருவியை ராடின் மேல் வைத்து அழுத்தினாள். ஐந்து இடத்தில் வைத்தாள், குறித்துக்கொண்டாள். அடுத்த ராடிலும் ஐந்து இடம்.

"முப்பத்தொண்ணு."

"அது சரி. இது?"

"இதுவும் முப்பத்தொண்ணு சார். ரெண்டுமே அருமையாப் பதம் போட்ட ராடு."

"இருக்காதே."

"ஏன் இருக்காது?"

பொறுப்புக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். ஆனால் சொல்ல முடியாது. அரமும் பொய், டைப்பிஸ்ட் அம்மாவின் காதும் பொய், பொறியும் பொய் என்று காலையிலிருந்து வரிசையாகத் தள்ளிக்கொண்டு வந்தவர், அதே வேகத்தில் இதையும் தள்ளினார். "உன் மெஷின்ல ஏதோ கோளாறு இருக்கு" என்றார்.

மச்சினியின் முகம் மாறியது. அவள் அந்தக் கருவியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருப்பவள். தினம் காலையில் மெல்லிய துணியால் துடைத்து, மாதிரிக் கட்டையில் வைத்துச் சரிபார்த்துத்தான் வெளியே எடுப்பாள். இருந்தாலும் அவள் சத்தம் போடவில்லை. சட்டத்தை எடுத்தாள். அளவுக் கருவி மேல் யாராவது சந்தேகம் கிளப்பினால், அது வெளியே போய்ச் சோதனை ஆகித் திரும்பும்வரை பெட்டியில் வைத்து முத்திரை இட வேண்டும் என்பது கிடங்கின் விதி. அந்த விதியை எழுதியவளே அவள்தான்.

"சந்தேகமா சொல்றீங்களா, விளையாட்டுக்குச் சொல்றீங்களா? சந்தேகம்னா நான் சீல் வைக்கணும் மாமா."

மாமா என்று கூப்பிட்டுத் தப்பிக்க ஒரு வாசலைத் திறந்து விட்டாள். அவர் அந்த வாசலைக் கவனிக்கவில்லை. சந்தேகம்தான் என்றார். மூன்றே காலுக்குக் கருவி பெட்டிக்குள் போய், அரக்கு முத்திரையும் விழுந்தது. கருவி இல்லாமல் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் எந்த ராடும் வாசல் தாண்டாது. காலையில் அவரிடம் இருந்தது அடையாளம் தெரியாத இரண்டு ராடு. இப்போது அடையாளம் தெரியாத, கீறலும் பள்ளமும் விழுந்த, சான்றிதழுக்கு வழியில்லாத இரண்டு ராடு. போதாக்குறைக்குக் கோபித்துக்கொண்ட இரண்டு பெண்கள்.

பொறுப்பு மஞ்சள் சாய டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷை முக்கிக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றுக்கு மஞ்சள் அடித்துவிட்டால்? பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. டைப்பிஸ்ட் அம்மாவின் காலில் விழுந்தாவது, சனிக்கிழமை தேதியில் ஒரு சான்றிதழ் வாங்கிவிடலாம். அடைப்புக்குறியும் போய்விடும்.

பிரஷ்ஷிலிருந்து ஒரு சொட்டு செருப்பில் விழுந்தது. பழைய தலைவர் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிப் போனது ஞாபகம் வந்தது. அதைவிட, கிரஷர் பக்கத்தில் நின்று கல் தள்ளுகிற யாரோ ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். பார்த்திராத ஆள்தான். ஷாஃப்ட் வளைந்து எகிறினால் அவர் மேல்தான் எகிறும். பொறுப்பு பிரஷ்ஷை டப்பாவிலேயே போட்டு மூடினார். போகட்டும், அடைப்புக்குறிக்குள்ளேயே செத்துப்போகிறேன் என்று முடிவு பண்ணினார்.

நாலு மணிக்குக் கிரஷர்காரர் தன் டிரைவரோடு வந்தார். மேனேஜர் உத்தரவையும் பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். முத்திரை வைத்த பெட்டியோடு மச்சினி வந்து நின்றாள். இன்னும் கோபம் ஆறாத டைப்பிஸ்ட் அம்மா, வேடிக்கை பார்க்கவாவது போவோம் என்று வந்தார். ஃபிட்டர் சும்மாவே வந்தார். பின்னால் ரம்பம் கத்திக்கொண்டிருந்தது.

பொறுப்பு கோணியை உருவினார். கீறலும் பள்ளமும் எல்லோர் கண்ணிலும் பட்டன.

"சார், இதுல ஒண்ணுதான் பதம் போட்டது. எதுன்னு எனக்குத் தெரியல. துடைக்கிறேன்னு சாயத்தை நான்தான் அழிச்சேன். காலையிலேர்ந்து தலைகீழா நின்னு பாத்துட்டேன், கண்டுபிடிக்க முடியல. தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி இவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல. தப்பு என்னோடது. பலகையக் கழட்டிக்கிறேன்."

மேனேஜர் உத்தரவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

கிரஷர்காரர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பள்ளம் விழுந்த ராடைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

"பழைய ஆள் பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணி வளைஞ்ச ராடக் கொடுத்தாரு. தெரியலன்னு சொல்ற ஆளை நான் இந்தத் தொழில்ல இப்பத்தான் பாக்கறேன். ரெண்டையும் மறுபடி உலைக்கு அனுப்பிப் பதம் போட்டுக் கொடுங்க, ஒரு வாரம் காத்திருக்கேன். ஆனா இந்த ஸ்டோர்ல இவர் இருந்தாத்தான் நான் வருவேன்."

மேனேஜர் கிரஷர்காரரைப் பார்த்தார், ராடைப் பார்த்தார், கடைசியில் பொறுப்பைப் பார்த்தார். மடித்த உத்தரவைப் பிரித்து, ராடின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். மச்சினி எல்லோருக்கும் முன்னால் மாமா என்று கூப்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையைச் சொல்கிற வாய்க்கு எல்லாம் மன்னிப்பு உண்டு என்று டைப்பிஸ்ட் அம்மாவும் இறங்கி வந்தார். ஃபிட்டர் கை தட்டினார். இருபத்திரண்டு வருஷத்தில் தன்னை ஒருவரும் இப்படிப் பார்த்ததில்லை என்று பொறுப்புக்குத் தோன்றியது. வீங்கிய கன்னத்தின் மேல் கண்ணீர் தாராளமாக வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அப்போது ரம்பம் வெட்டு முடிந்து நின்றது. அறுவை காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்ன கூட்டம் என்று ஃபிட்டரைக் கேட்டார். இந்த இரண்டில் எது பதம் போட்டது, எது போடாதது என்று தெரியவில்லையாம் என்றார் ஃபிட்டர்.

"அதை எங்கிட்ட கேக்க வேண்டியதுதானே? பதம் போடாத ராடு சனிக்கிழமையே வித்துப் போச்சு; இது ரெண்டும் ஒரே ராடுதான், நீளமா இருந்தா வண்டியில ஏறாதுன்னு இவங்க டிரைவர் போன் பண்ணாரு, நான்தான் நடுவுல அறுத்துப் போட்டேன்."